மின்கார் சார்ஜ் ஏறவில்லையா? போர்ட்டைக் கழற்றும் முன் வரிசையாகச் செய்ய வேண்டிய சோதனைகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மின்கார் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டால் முதலில் காதில் விழுவது, "அண்ணே, போர்ட் போய்விட்டது" என்ற தீர்ப்புதான். போய்ப் பார்த்தால் போர்ட் (வண்டியில் சார்ஜர் பிளக்கைச் செருகும் வாய்) பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுது சுவரில் இருக்கும், எர்த்தில் இருக்கும், கேபிளின் பிளக்கில் இருக்கும், அல்லது பானெட்டுக்குள் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியில் இருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் போர்ட்டில் கை வைக்கிறார்கள். விலை அதிகமான பாகத்தை வாங்கிப் பொருத்திய பிறகும் அதே பிழை திரையில் நிற்கிறது.

அதனால் இங்கே வரிசை சுவரில் தொடங்கி வண்டியை நோக்கி வருகிறது. ஒரு படி சரி என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போங்கள். சி.சி.எஸ்.2 போர்ட் (வீட்டு மாறுமின்சாரமும் விரைவு சார்ஜரின் நேர்மின்சாரமும் ஒரே வாயில் ஏறும் வகை) உள்ள கார்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இருசக்கர வண்டிகளுக்கு ஒரு பகுதி தனியாக இருக்கிறது.

1. எல்லைக்கோடும் கருவிகளும்

பல கார்களின் பேட்டரித் தொகுப்பில் 300 முதல் 400 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் அந்த மின்சாரம் வரக்கூடும். கீழே வரும் 2 முதல் 8 வரையிலான படிகளை வீட்டு வயரிங் தெரிந்த, மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் செய்யலாம். 9, 10 ஆகிய படிகளும், 12இல் வரும் போர்ட் மாற்றும் வேலையும் உயர்மின்னழுத்தப் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே உரியவை. வீட்டு வயரிங்கில் கை தேர்ந்தவர் என்பது அதற்குத் தகுதி ஆகாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் கொடுக்கும் அதிர்ச்சியும் 400 வோல்ட் நேர்மின்சாரம் உண்டாக்கும் தீப்பொறியும் ஒன்றல்ல.

கையில் வேண்டியவை: கேட் 3 தரமுள்ள (வீட்டு மின்லைனில் பாதுகாப்பாக அளக்கக்கூடிய) மல்டிமீட்டர், அதற்கு மெல்லிய முனையுள்ள கம்பிகள், நல்ல டார்ச், வெப்பமானி துப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்மையான தூரிகை, செல்பேசிக் கேமரா. 9ஆம் படிக்கு மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பும், 10ஆம் படிக்கு 1000 வோல்ட் தரமுள்ள ரப்பர் கையுறையும், மின்கசிவைச் சோதிக்கும் இன்சுலேஷன் டெஸ்டரும், அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேடும் சேரும்.

வண்டி வாரண்டியில் இருந்தால் 7ஆம் படியோடு நிறுத்திக்கொண்டு, எடுத்த படங்களோடு சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். நீங்கள் ஒரு திருகைத் திருப்பினாலும் அதையே காரணமாகச் சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

2. எதையும் தொடும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

திரையில் வரும் பிழைச் செய்தியையும், சார்ஜர் பெட்டியில் எரியும் விளக்கின் நிறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கை நான்கு முறை பிடுங்கிச் செருகிய பிறகு பல வண்டிகளில் அந்தச் செய்தி மறைந்துவிடும். அதன் பிறகு நீங்கள் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

அடுத்து உரிமையாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். சார்ஜ் தொடங்கவே இல்லையா, தொடங்கிச் சில நிமிடங்களில் நிற்கிறதா? வேகம் மட்டும் குறைந்திருக்கிறதா? மழை நாளில் மட்டும் வருகிறதா? வீட்டில் ஏறாமல் நெடுஞ்சாலை விரைவு சார்ஜரில் ஏறுகிறதா, அல்லது அதற்கு நேர்மாறா?

நான்காவது கேள்விக்கு வரும் பதில் பாதி வேலையை முடித்துவிடும். வீட்டில் ஏறாமல் விரைவு சார்ஜரில் ஏறினால், சந்தேகம் வீட்டு வயரிங், வீட்டு சார்ஜர், போர்ட்டின் ஃபேஸ் - நியூட்ரல் முனைகள், வண்டிக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜர் ஆகியவற்றின் மீது விழும். வீட்டில் ஏறி விரைவு சார்ஜரில் ஏறாவிட்டால், கீழே உள்ள இரண்டு பெரிய நேர்மின்சார முனைகள், அவற்றின் வெப்ப உணரிகள், உள்ளே இருக்கும் காண்டாக்டர்கள் (பெரிய மின்சுவிட்சுகள்), அல்லது அந்தச் சார்ஜரோடு வண்டி நடத்தும் தகவல் பரிமாற்றம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஏறாவிட்டால், இரண்டுக்கும் பொதுவான சிபி (சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்ளும் முனை), பிபி (பிளக் செருகியதை வண்டிக்குச் சொல்லும் முனை), எர்த் முனைகள், பிளக்கைப் பூட்டும் லாக், 12 வோல்ட் பேட்டரி ஆகியவைதான் முதலில்.

3. 12 வோல்ட் பேட்டரி

இதைச் சுவருக்கும் முன்னால் வைத்ததற்குக் காரணம், சோதிக்க இரண்டு நிமிடம் போதும் என்பதே. பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டரும், போர்ட்டின் லாக்கும், வண்டியின் கணினிகளும் இந்தச் சிறிய பேட்டரியில்தான் இயங்குகின்றன. அது இளைத்திருந்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி சார்ஜை ஏற்காது.

செட்டிநாட்டில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். வண்டி மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் நிற்கும். வண்டி ஓய்வில் இருக்கும்போது மீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நல்லது. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் முதலில் அதைச் சார்ஜ் செய்துவிட்டு அல்லது மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

4. சுவர்ப் பாயிண்டும் எர்த்தும்

அவசரமே கூடாத படி இது. வீட்டில் 15 ஆம்பியர் பாயிண்டில் செருகும் சார்ஜர் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் சில நிமிடம் இழுத்துவிட்டு விட்டுவிடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 22 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சாதாரண சால்டரிங் அயர்னை இரவு முழுவதும் சுவர்ப் பெட்டிக்குள் எரியவிட்டதைப் போன்றது அது.

முதலில் பாயிண்டின் முகத்தைப் பாருங்கள். துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் உருகல், கருகிய வாடை இருந்தால் அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். பாயிண்டை மட்டும் மாற்றினால் போதாது. கருகிய அளவுக்குக் கம்பியையும் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பில் புதிதாக இணைக்க வேண்டும்.

அடுத்து வோல்ட் அளவு. சுமை இல்லாமல் ஓர் அளவு எடுங்கள், சார்ஜ் ஓடும்போது ஓர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. நம் பக்கத்து வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிபவை. மீட்டர் முகப்பில் இருக்கும். வண்டி பின்கட்டுக்கு வெளியே நிற்கும். நடுவில் வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்டி ஒரு கம்பி வருகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 மீட்டர் தொலைவுக்கு 15 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 9 வோல்ட் இறங்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 14 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். மாலையில் தெருவிலேயே வோல்ட் குறைந்திருக்கும் நேரத்தில் சார்ஜர் அதைத் தாங்காமல் நின்றுவிடும். பகலில் ஏறுகிறது, இரவு ஏழு மணிக்கு நிற்கிறது என்றால் போர்ட்டை மறந்துவிட்டு இதைப் பாருங்கள்.

கணக்கில் வருவதைவிடக் கூடுதலாக இறங்கினால் நடுவில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பழைய மரப்பெட்டிச் சுவிட்ச் போர்டுகளும், சுண்ணாம்புச் சுவருக்குள் முறுக்கிவிட்ட இணைப்புகளும் முதல் சந்தேகத்துக்கு உரியவை. எக்ஸ்டென்ஷன் கம்பி இருந்தால் பேச்சே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

இனி எர்த். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருக்க வேண்டும். இத்தோடு திருப்தி அடைகிறவர்கள் அதிகம். ஆனால் மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. எர்த் கம்பி துருப்பிடித்து ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அது 230 என்றே காட்டும். சார்ஜரோ சிறிது மின்னோட்டம் செலுத்திப் பார்க்கிறது. எர்த் இல்லை என்று சிவப்பு விளக்கைப் போடுகிறது. எர்த் டெஸ்டராலோ லூப் இம்பீடன்ஸ் டெஸ்டராலோ அளந்தால்தான் உண்மை தெரியும். எர்த் குழியின் தடை 5 ஓமுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. செம்மண் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றாத வீடுகளில் இது பல மடங்கு ஏறிவிடும்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் பல்பைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் அந்த நொடியில் வீட்டில் எர்த் கொடுத்த எல்லா உலோக உடல்களிலும் மின்சாரம் ஏறும்.

அதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. சிவப்பு விளக்கை அணைப்பதற்காகப் பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து வேலை செய்யும். உரிமையாளர் காசு கொடுத்துவிட்டுப் போவார். என்றோ ஒரு நாள் அந்தப் பாயிண்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். இப்படி ஓர் இணைப்பைக் கண்டால் அதை எடுத்துவிட்டு, உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, எர்த்தைச் சரிசெய்த பிறகே மற்ற வேலையைத் தொடருங்கள்.

சார்ஜர் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் எர்த் பிழை வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காருக்குத் தனி லைன், சுமை மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

5. மாற்றிப் போட்டுப் பாருங்கள்

அதே வண்டியை வேறு சார்ஜரில் போடுங்கள். அதே சார்ஜரை வேறு வண்டியில் போடுங்கள். பழுது எதோடு கூடவே போகிறதோ அதில்தான் இருக்கிறது. இதற்கு மீட்டர்கூட வேண்டாம். பக்கத்து ஊரில் அதே வகைப் போர்ட் உள்ள வண்டி வைத்திருப்பவர் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது பல கருவிகளுக்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை. பிளக்கிலோ போர்ட்டிலோ கருகல் இருந்தால் இந்தச் சோதனை கூடாது. கருகிய பிளக் நல்ல போர்ட்டையும் கெடுக்கும். கருகிய போர்ட் நல்ல பிளக்கையும் கெடுக்கும். எனவே முதலில் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

6. கேபிளின் பிளக்

சார்ஜரை வீட்டுப் பாயிண்டிலிருந்து எடுத்துவிட்டு, வண்டியில் செருகும் பிளக்கில் பிபி முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். 1500 ஓம் என்றால் 13 ஆம்பியர் கேபிள், 680 என்றால் 20, 220 என்றால் 32. மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் அல்லது அதன் கம்பி அறுந்திருக்கிறது. பிளக் செருகப்பட்டிருப்பதே வண்டிக்குத் தெரியாது. திரையில் அசைவே இருக்காது. பலர் 'வண்டி செத்துவிட்டது' என்று பயப்படுவது இந்த நிலையில்தான்.

பிறகு சார்ஜரை வீட்டுப் பாயிண்டில் மட்டும் போட்டு, பிளக் வண்டியில் சேராத நிலையில் சிபிக்கும் எர்த்துக்கும் இடையே அளங்கள். நிலையான 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் பழுது சார்ஜரிலோ கேபிளிலோதான். வண்டியைத் தொட வேண்டியதில்லை. வண்டியோடு பேசி முடிக்கும்வரை ஃபேஸ் முனைக்கு மின்சாரம் வராதபடி சார்ஜர் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பழுதான சார்ஜரை நம்ப முடியாது. மீட்டர் கம்பியின் முனை பக்கத்து முனையில் படாமல் பிடியுங்கள்.

7. போர்ட்டைக் கண்ணால் படியுங்கள்

வண்டியை அணைத்து, எல்லாக் கேபிளையும் எடுத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மேலே சிறிய முனைகள் இரண்டு: சிபி, பிபி. நடு வரிசையின் மையத்தில் எர்த், அதன் இருபுறமும் ஃபேஸும் நியூட்ரலும். அதற்குக் கீழே மற்ற இரண்டு ஃபேஸ்களுக்கான இடம். அடியில் தடித்த நேர்மின்சார முனைகள் இரண்டு. ஒற்றை ஃபேஸில் ஏறும் கார்கள் பலவற்றில் அந்த மற்ற இரண்டு ஃபேஸ் துளைகளில் உலோகமே இருக்காது. முனை உடைந்து விழுந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நிறத்தைப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு சற்றே மங்கியிருப்பது பழுதல்ல. ஆனால் ஒரு முனை மட்டும் நீலமும் பழுப்புமாக மாறி, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பு கூர்மை இழந்து வழவழப்பாகியிருந்தால் அங்கே வெப்பம் ஏறியிருக்கிறது. வீட்டுச் சார்ஜில் பாதிக்கப்படுவது ஃபேஸ் அல்லது நியூட்ரல் முனையாகவே இருக்கும். பச்சை நிறம் என்றால் ஈரம் புகுந்து செம்பை அரித்திருக்கிறது.

பிறகு உயரத்தைப் பாருங்கள். ஒரு முனை மற்றவற்றைவிட உள்ளே தள்ளப்பட்டிருந்தால் அதன் பிடி விட்டுவிட்டது. பிளக் செருகும்போது எர்த் முதலில் சேரும். சிபி கடைசியில் சேரும். எடுக்கும்போது சிபி முதலில் பிரியும். மின்னோட்டம் நின்ற பிறகே மற்றவை பிரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் பிளக் சில மில்லிமீட்டர் குறைவாக நுழைந்தாலும் சிபி சேராது, சார்ஜ் தொடங்காது.

அந்தச் சில மில்லிமீட்டரை அடைப்பது நம் ஊரில் பெரும்பாலும் மண். மூடி சரியாகச் சாத்தாத போர்ட்டுக்குள் செம்புழுதி படியும். நின்றுபோன வண்டி என்றால் குளவி வந்து மண்கூடு கட்டியிருக்கும். எர்த் துளையின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒட்டியிருக்கும் அந்தக் கூடு, நேராகப் பார்த்தால் நிழலைப் போலத்தான் தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ உடைத்து எடுத்துவிட்டு, மென்மையான காற்றால் ஊதி, ஆல்கஹால் தொட்ட தூரிகையால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள்.

உப்புத்தாள் போடாதீர்கள், வெள்ளிப் பூச்சு போய்விட்டால் முனை விரைவில் கருகும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவை புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போர்ட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். அதையும் திறந்துவிடுங்கள். புழுதி அதை அடைத்துக் கிடந்தால், ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் தேங்கி இன்சுலேஷன் பிழை வரும். 'மழையில் மட்டும்' என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது இந்தத் துளையைத்தான்.

8. லாக்

பிளக்கைச் செருகியதும் 'டக்' என்ற ஒலி வர வேண்டும். சிறிய மோட்டார் ஒன்று ஒரு கம்பியைத் தள்ளிப் பிளக்கைப் பூட்டுகிறது. பூட்டியாகிவிட்டது என்று வண்டிக்குச் சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சொல் வராவிட்டால் சார்ஜ் தொடங்காது. ஒலி இரண்டு மூன்று முறை வந்து நின்றால் கம்பி எதிலோ இடிக்கிறது என்று பொருள்.

சார்ஜ் தொடங்கும் முன் பிளக்கைக் கையால் சற்றுத் தாங்கிப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் பூட்டுகிறது, விட்டால் பூட்டவில்லை என்றால் கேபிளின் எடை பிளக்கைக் கீழே இழுக்கிறது. சார்ஜ் ஓடும்போது மட்டும் பிளக்கை ஆட்டிப் பார்க்காதீர்கள். பூட்டு திறக்காமல் சிக்கிக்கொண்டால் அவசர விடுவிப்புக் கயிறு எங்கே இருக்கிறது என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். இழுத்துப் பிடுங்குவதால்தான் நல்ல போர்ட்டுகள் உடைகின்றன.

9. சிபி சிக்னல்

சார்ஜரும் வண்டியும் சிபி முனை வழியே பேசிக்கொள்கின்றன. எதுவும் செருகாதபோது 12 வோல்ட். செருகியதும் வண்டிக்குள் இருக்கும் 2.74 கிலோ ஓம் ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டுக்கு இறக்குகிறது. வண்டி தயார் என்றதும் 6 வோல்ட். இதற்கிடையில் சார்ஜர் அதை நொடிக்கு 1000 முறை துடிக்கும் சதுர அலையாக மாற்றுகிறது. அலையின் மேல்பகுதி 9 அல்லது 6, கீழ்ப்பகுதி மைனஸ் 12. மேல்பகுதி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கொண்டு எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்று வண்டி அறிகிறது. 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30 ஆம்பியர். விரைவு சார்ஜரில் 5 சதவீதம் வரும். மற்றப் பேச்சு டிஜிட்டல் முறையில் நடக்கும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. மல்டிமீட்டரை நேர்மின்சார வோல்ட்டில் வைத்து அளந்தால் அது சராசரியைத்தான் காட்டும். 16 ஆம்பியர் சார்ஜரில் சார்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் மைனஸ் 7 வோல்ட் அளவில் வரும். கம்பி தலைகீழ் என்று நினைத்துப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையான 9ஐயும் 6ஐயும் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். அலை 12லேயே நின்றால் சிபி முனையோ அதன் கம்பியோ எர்த் முனையோ துண்டிக்கப்பட்டிருக்கிறது. 9ல் நின்று 6க்கு வராவிட்டால் போர்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, மறுப்பது வண்டி. லாக்கையும் பிழைக் குறியீடுகளையும் பாருங்கள்.

வண்டிப் பக்கத்தில் சிபிக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் அளவு எடுத்து 2.74 கிலோ ஓமைத் தேடாதீர்கள். நடுவில் ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) இருக்கிறது. மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

10. வெப்ப உணரியும் இன்சுலேஷனும்

கையேட்டில் சொன்னபடி, பெரிய பேட்டரியைப் பிரித்துவைக்கும் சர்வீஸ் இணைப்பைத் துண்டித்து, அதில் குறித்துள்ள நேரம் காத்திருந்து, நேர்மின்சார முனைகளுக்கு இடையே வோல்ட் இல்லை என்று அளந்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். காண்டாக்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டி அணைந்திருந்தாலும் அங்கே பேட்டரி மின்னழுத்தம் நிற்கக்கூடும்.

முனைகளின் வெப்பத்தை அளக்கும் உணரி பி.டி.1000 (0 டிகிரியில் 1000 ஓம் காட்டும்) வகை என்றால் 30 டிகிரியில் சுமார் 1117 ஓம் காட்டும். வேறு வகை என்றால் எண் மாறும். எண் தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது: நிழலில் நின்று குளிர்ந்த வண்டியில் இரண்டு உணரிகளும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று விலகினால் அதுதான் வேகத்தைக் குறைக்கிறது.

இன்சுலேஷன் டெஸ்டரை, போர்ட்டின் கேபிளை மறுமுனையில் கழற்றிய பிறகு, தடித்த முனைகளுக்கும் எர்த்துக்கும் இடையே மட்டும் பயன்படுத்துங்கள். நல்ல போர்ட் மெகா ஓம் கணக்கில் காட்டும். சிபி, பிபி, உணரிக் கம்பிகளில் அதை வைத்தால் நல்ல மின்னணுப் பலகையை நீங்களே எரித்துவிடுவீர்கள்.

11. இருசக்கர வண்டிகள்

பல ஸ்கூட்டர்களில் சார்ஜர் வெளியே இருக்கிறது. போர்ட்டுக்கு வருவதே நேர்மின்சாரம். மேலே சொன்ன சிபி கணக்கு அங்கே பொருந்தாது. 12 வோல்ட் பேட்டரி தனியாக இல்லாத வண்டியில் 3ஐ விட்டுவிடலாம், 4, 5, 7 படிகள் அப்படியே பொருந்தும். சார்ஜரின் வெளியீட்டு வோல்ட்டை அதன் லேபிளோடு ஒப்பிடுங்கள். ஆனால் சில சார்ஜர்கள் வண்டியோடு பேசிய பிறகே வோல்ட் தரும்; பூஜ்யம் வந்ததாலேயே சார்ஜர் பழுது என்று முடிவுகட்டாதீர்கள்.

12. மாற்றுவதென்றால்

இத்தனைக்குப் பிறகும் போர்ட்தான் என்று உறுதியானால் அதை முழுத் தொகுப்பாக, ஆரஞ்சுக் கேபிளோடு மாற்றுங்கள். ஒரு முனையை மட்டும் பற்றவைத்து ஒட்டும் வேலை வேண்டாம். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவில் இறுக்குங்கள்; தளர்ந்த போல்ட்டே அடுத்த கருகலின் தொடக்கம். பழைய போர்ட்டைக் கருக்கிய பிளக்கையும் கூடவே மாற்றுங்கள். உரிமையாளர் செலவுக்குத் தயங்குவார். அவரிடம் கருகிய முனை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

பிறகு அரை மணி நேரம் முழுச் சுமையில் சார்ஜ் செய்து, பிளக்கின் உடலையும் சுவர்ப் பாயிண்டையும் வெப்பமானி துப்பாக்கியால் அளங்கள். பளபளக்கும் உலோகத்தை நோக்கிப் பிடித்தால் அது குறைத்துக் காட்டும். பிளாஸ்டிக்கின் மீதோ ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியோ அளக்க வேண்டும். காற்றின் வெப்பத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதே பாயிண்டில் மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறியிருந்தால் 4ஆம் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.